ஒற்றைக் கியர் ஹப்பை டவுன்ஹில் சைக்கிளில் மாட்டுவது எப்படி?

நல்ல ஒற்றைக் கியர் ஹப் (சக்கரத்தின் நடுவில் ஸ்போக்ஸ் பூட்டும் உருளை) ஒன்று கையில் சும்மா கிடக்கிறது. பக்கத்தில், மலையிலிருந்து வேகமாக இறங்கவென்றே செய்த ஒரு டவுன்ஹில் சைக்கிளின் ஃப்ரேம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமே என்று யாருக்கும் ஆசை வரும். ஹப்பை உள்ளே வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் இடைவெளி பல்லிளிக்கும். "ரெண்டு பக்கமும் வாஷர் போட்டு அடைச்சுட்டா முடிஞ்சது" என்றுதான் பெரும்பாலானவர்கள் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

வாஷர் அடைப்பது இடைவெளியை மட்டும்தான். பிரேக் டிஸ்க், பேரிங், செயின் மூன்றும் பழைய இடத்திலேயே நிற்கும். ஃப்ரேமோ அவற்றை வேறு இடத்தில் எதிர்பார்க்கிறது. இந்த வேலையின் சிக்கல் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வெர்னியர் காலிப்பரும் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு வரி. கேசட்டுக்கு (பல பற்சக்கரங்களின் அடுக்கு) இடம் விட வேண்டியதில்லை என்பதால் ஒற்றைக் கியர் ஹப்பில் ஸ்போக்ஸ் பூட்டும் இரண்டு விளிம்புகளும் கிட்டத்தட்ட நடுவிலிருந்து சம தூரத்தில் நிற்கும். இரு பக்க ஸ்போக்ஸிலும் இழுவிசை ஒன்றாக இருக்கும். சக்கரம் சீக்கிரம் பெண்டு வாங்காது. கல்லில் இடித்து உடைய கியர் மாற்றியும் இல்லை, பின்னால் எடையும் குறைவு. இறக்கத்தில் கியர் எவ்வளவு தேவை என்பதற்கு 2015-இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த டவுன்ஹில் உலகக் கோப்பைப் பந்தயம் ஒரு சாட்சி: அமெரிக்க வீரர் ஏரன் க்வினின் செயின் தொடக்கத்திலேயே அறுந்துபோனது, மிதிக்கவே முடியாமல் இறங்கி அவர்தான் ஜெயித்தார். அதற்காக நாமும் க்வின் ஆகிவிட மாட்டோம். சமதளத்தில் ஒற்றைக் கியர் தொடையைப் பிழியும். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

கையில் இருப்பது எந்த ஹப்?

ஒற்றைக் கியர் ஹப் என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு சாமான்கள் புழங்குகின்றன.

ஃப்ரீவீலை (மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுற்றவிடும் பற்சக்கரம்) திருகி ஏற்றும் மரை உள்ளது ஒரு வகை. மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று. இவற்றில் பல, கோப்பையும் கூம்புமாகக் குண்டு போட்ட பழைய அமைப்பு, நடுவில் திட ஆக்சில். டவுன்ஹில் ஃப்ரேம் கேட்பது 12 மி.மீ. ஊடுருவு ஆக்சில், அதாவது ஹப்பின் ஊடாகப் போய் ஃப்ரேமில் திருகும் கம்பி. 10 மி.மீ. திட ஆக்சிலும் அதற்கேற்ற கூம்பும் உள்ள ஹப்புக்குள் 12 மி.மீ. கம்பியை நுழைக்க வழியே கிடையாது. துளை பெரிதாக்கலாமா என்று கேட்காதீர்கள். துளைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

பிஎம்எக்ஸ் ஹப் இரண்டாவது வகை. அகலம் 110 மி.மீ., பெரும்பாலும் 14 மி.மீ. ஆக்சில், டிஸ்க் மாட்ட இடமும் பொதுவாக இருக்காது. விட்டுவிடுங்கள். ஃப்ரீவீலே இல்லாமல் சக்கரத்தோடு பெடலும் சுற்றும் ட்ராக் ஹப்பை இறக்கத்துக்குக் கொண்டுபோவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மலைச் சைக்கிளுக்கென்றே செய்த ஒற்றைக் கியர் ஹப்தான் நமக்கு வேண்டியது. ஆறு போல்ட் டிஸ்க் இருக்கை, குட்டையான ஃப்ரீஹப் (பற்சக்கரம் ஏறும் பகுதி), உள்ளே சீல் செய்த பேரிங், இரண்டு முனையிலும் கையாலோ மெல்லிய தட்டலாலோ கழன்றுவரும் மூடிகள். மூடியைக் கழற்றி உள்ளே உள்ள ஆக்சில் குழாயின் துளையை அளந்து பாருங்கள். 12 மி.மீ. கம்பி தாராளமாகப் போனால் மேலே படியுங்கள். போகாவிட்டால் ஹப்பை விற்றுவிடுவது நல்லது.

ஃப்ரேமை அளப்பது

பின்சக்கரம் உட்காரும் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். புழக்கத்தில் உள்ள அளவுகள் 135, 142, 148, 150, 157. பார்த்தால் குழப்பமாக இருக்கும், ஆனால் உண்மையில் குடும்பங்கள் மூன்றுதான்.

142 என்பது 135-தான். ஃப்ரேமின் உட்பக்கம் ஒவ்வொரு முனையிலும் 3.5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, ஹப்பின் முனை அதில் போய் உட்காரும்படி செய்திருக்கிறார்கள். சக்கரத்தை மாட்டும்போது ஆக்சில் துளை தானாக நேருக்கு நேர் வந்து நிற்பதற்காக அந்தப் பள்ளம். 157-உம் 150-உம் இதே உறவுதான். 148 தனி. அது 142-ஐவிடப் பக்கத்துக்கு 3 மி.மீ. அகலம், டிஸ்க்கும் கேசட்டும் அதே 3 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். டவுன்ஹில் ஃப்ரேம்களில் பழையவை 150, பிறகு வந்தவை 157, சில 148.

அளக்கும்போது பள்ளத்தின் அடியிலிருந்து அடிக்கு அளக்கிறீர்களா, பள்ளத்தின் விளிம்பிலிருந்தா என்று கவனியுங்கள். இந்த ஓர் இடத்தில் 7 மி.மீ. தவறு வந்துவிடும்.

ஃப்ரேமை அமுக்கியோ விரித்தோ சரிக்கட்டும் பேச்சு பழைய இரும்புச் சைக்கிள்களுக்கு. இங்கே பின்பகுதி அலுமினியம் அல்லது கார்பன், சஸ்பென்ஷன் இணைப்புகளில் பேரிங்குகள். அமுக்கினால் அந்தப் பேரிங்குகள் கோணலாகும், கார்பன் என்றால் விரிசல்.

முடிவு செய்யும் கணக்கு

இப்போது கழித்தல். 142 ஹப், 148 ஃப்ரேம் என்றால் பக்கத்துக்கு 3 மி.மீ. குறைகிறது. 135 ஹப், 150 ஃப்ரேம் என்றால் பக்கத்துக்கு 7.5. ஃப்ரேம் 157 என்றால் 11 வரும், அதில் 3.5 பள்ளத்துக்குள் போய்விடுவதால் கணக்கில் மிஞ்சுவது மறுபடியும் 7.5.

அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். அது மூன்று இடத்தில் திரும்ப வரும்.

முதலில் டிஸ்க்கில். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் ஃப்ரேமோடு பூட்டப்பட்டிருக்கிறது. ஃப்ரேம் முனை வெளியே போன அளவு காலிப்பரும் வெளியே போயிருக்கும். ஹப்போடு பூட்டிய டிஸ்க் மட்டும் உள்ளேயே நிற்கும். காலிப்பரைப் பக்கவாட்டில் ஓரிரண்டு மி.மீ. நகர்த்தலாம், 7.5 நகராது. டிஸ்க்கைத்தான் வெளியே கொண்டுவர வேண்டும், அதாவது ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே அதே தடிமனில் ஸ்பேசர்.

இரண்டாவது, பேரிங்கில். ஃப்ரேம் முனைக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஆக்சில் தாங்கலில்லாமல் போகும் தூரம் அதே அளவு கூடும். ஒவ்வொரு குதியின்போதும் ஆக்சில் வளையப் பார்க்கும் இடம் அது.

மூன்றாவது, செயினில். ஸ்பேசர் போட்டால் பற்சக்கரமும் வெளியே வந்துவிடும் என்று நினைப்பார்கள். வராது. 135 ஹப்பில் முனையிலிருந்து பற்சக்கரத்துக்கு 18 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலம் 67.5, அதில் 18 போனால் 49.5. சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து பற்சக்கரம் இருக்கும் தூரம் இது. இரண்டு பக்கமும் சமமாக எத்தனை ஸ்பேசர் அடுக்கினாலும் 49.5 மாறாது. 83 மி.மீ. அகல கிராங்க் கூடு (பெடல் தண்டு உட்காரும் குழாய்) உள்ள டவுன்ஹில் ஃப்ரேமில் முன்பக்கப் பற்சக்கரம் 56, 57 மி.மீ. வாக்கில் நிற்கும். செயின் கோணலாக ஓடும், குலுங்கினால் கழலும்.

என் முடிவு இது: பக்கத்துக்கு 3.5 மி.மீ. வரை என்றால் மாற்றி மாட்டலாம். 7.5 என்றால் வேண்டாம். 3 மி.மீ. டிஸ்க் ஸ்பேசர்கள் இதற்கென்றே செய்து விற்கிறார்கள், அது சோதித்துப் பார்த்த அளவு. 7.5 மி.மீ. ஸ்பேசரில் ஆறு குட்டிப் போல்ட்கள் பிரேக்கின் முழு விசையையும் நெம்புகோல் போல வளைந்து வாங்கும். தெருவில் ஓட்டும் சைக்கிளில் ஒருவேளை தாங்கலாம். இறக்கத்தில் நான் போட மாட்டேன்.

150, 157 ஃப்ரேம் வைத்திருப்பவர்கள் அதனால் மனம் உடைய வேண்டாம். அகலமான டவுன்ஹில் ஹப்பையே வைத்துக்கொண்டு, அதன் ஃப்ரீஹப்பில் ஒரே ஒரு பற்சக்கரமும் மீதிக்கு ஸ்பேசர் வளையங்களும் அடுக்கிவிட்டால் அதுவும் ஒற்றைக் கியர்தான். டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். வளையங்களை முன்னுக்குப் பின் மாற்றி அடுக்கிச் செயின் கோட்டை (முன், பின் பற்சக்கரங்களுக்கு இடையே செயின் ஓடும் கோடு) நேராக்கிக்கொள்ளலாம். அடுத்த இரண்டு பகுதிகளும் அவர்களுக்குத் தேவையில்லை, பற்சக்கரத்துக்குத் தாவலாம்.

முனை மூடி

135 ஹப்பை 142-க்கு மாற்ற உற்பத்தியாளரே மூடி விற்கிறாரா என்று முதலில் பாருங்கள். பல நல்ல ஹப்களுக்குக் கிடைக்கும், டிஸ்க்கை அசைக்கவே வேண்டாம். 142-இலிருந்து 148-க்கும் தனி மூடிகள், இல்லாவிட்டால் ஒட்டு ஸ்பேசர்கள் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால்தான் லேத்.

லேத்தில் கொடுக்கும் முன் ஒரு விஷயம் புரிய வேண்டும். ஆக்சிலை இறுக்கும்போது அந்த அழுத்தம் எந்த வழியாகப் போகிறது? ஃப்ரேம், மூடி, பேரிங்கின் உள்வளையம், ஆக்சில் குழாய், எதிர்ப்பக்க உள்வளையம், மூடி, ஃப்ரேம். இந்தச் சங்கிலியில் உள்ள எதுவும் சுற்றாது. சுற்றுவது வெளிவளையமும் அதைப் பிடித்திருக்கும் ஹப்பும். அதனால் நீங்கள் செய்யும் மூடி, உள்வளையத்தை மட்டுமே தொட வேண்டும். வெளிவளையத்தையோ நடுவிலுள்ள ரப்பர் சீலையோ உரசவே கூடாது.

என் முதல் முயற்சியில் 6902 பேரிங் இருந்தது. 15 மி.மீ. துளை, 28 மி.மீ. வெளிவிட்டம், 7 மி.மீ. அகலம். மூடியின் உள்முகத்தை 22 மி.மீ. விட்டத்தில் தட்டையாகக் கடைந்து வாங்கிவந்தேன். கையில் சக்கரம் நன்றாகச் சுற்றியது. ஃப்ரேமில் மாட்டி இறுக்கியதும் அரைச் சுற்றில் நின்றது. பிரேக் உரசுகிறது என்று நினைத்து காலிப்பரை இரண்டு மணி நேரம் நகர்த்திக்கொண்டிருந்தேன். கடைசியில் மூடியைக் கழற்றினால் சீலின் மேல் பளபளப்பாக ஒரு வளையம், மூடி தேய்த்த தடம். உள்முகத்தில் உள்வளையத்தின் அகலத்துக்கு மட்டும் அரை மி.மீ. உயரத்தில் ஒரு படி விட்டு மீதியைக் கடைந்து எடுத்த பிறகு சரியானது. லேத்காரரிடம் கொடுக்கும் படத்தில் இந்தப் படியை முதலில் வரையுங்கள்.

அப்புறம் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கோணலான மூடி ஆக்சிலை வளைத்துப் பிடிக்கும். இரண்டு மூடியையும் மாட்டி மொத்த அகலத்தை நாலு இடத்தில் அளந்து பாருங்கள், எண் மாறக் கூடாது. ஃப்ரேமின் அளவைவிட ஒரு மயிரிழை குறைவாக இருந்தால் பரவாயில்லை, கூடுதலாக வேண்டாம். கடினமான அலுமினியம் போதும். பிளாஸ்டிக்கில் அச்சடித்தது அளவு பார்க்க மட்டும்.

ஆக்சிலின் மரையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 12 மி.மீ. ஆக்சிலில் 1, 1.5, 1.75 மி.மீ. என மூன்று புரி இடைவெளிகள் புழங்குகின்றன. ஃப்ரேமோடு வந்த ஆக்சிலையே பயன்படுத்துங்கள். வேறொன்றை முறுக்கி ஏற்றிப் பார்த்தால் ஃப்ரேம் மரை போய்விடும்.

டிஸ்க்கை வெளியே கொண்டுவருதல்

142 ஹப், 148 ஃப்ரேம் என்றால் 3 மி.மீ. டிஸ்க் ஸ்பேசர் வேண்டும். பழைய போல்ட்களையே போட்டால் மரைக்குள் 3 மி.மீ. குறைவாகத்தான் இறங்கும், ஆகவே போல்ட்டும் 3 மி.மீ. நீளமாக வேண்டும். 5 மி.மீ. போல்ட் அலுமினியத்துக்குள் குறைந்தது 7, 8 மி.மீ. இறங்கினால்தான் நம்பலாம். அதற்காக மிக நீளமானதை எடுத்தால் துளையின் அடியில் முட்டி நிற்கும், இறுகியதுபோலத் தோன்றும், டிஸ்க் மட்டும் ஆடும்.

போல்ட் முனையில் ஒரு சொட்டு மரைப் பசை. ஒன்றுவிட்டு ஒன்று என நட்சத்திரக் கோலத்தில் இறுக்குங்கள். முறுக்கு பொதுவாக 4 முதல் 6 நியூட்டன் மீட்டர், டிஸ்க்கில் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதுவே சரி. சக்கரத்தை மாட்டிச் சுற்றவிட்டு, காலிப்பரின் உடல் ஸ்போக்ஸில் படுகிறதா என்று ஒரு முறை குனிந்து பாருங்கள்.

இரு பக்கமும் சமமாகச் சேர்த்திருந்தால் ரிம் நடுவில்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கூட்டியிருந்தால் கூட்டியதில் பாதி அளவு ரிம் நகரும்: 3 மி.மீ. கூட்டினால் 1.5. நிப்பிள்களை ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் இறுக்கி நடுவுக்கு இழுக்க வேண்டியதுதான். பழக்கமில்லாதவர்கள் பெண்டு எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

பற்சக்கரமும் செயின் கோடும்

அகலமான ஃப்ரீஹப்பில் ஒற்றைப் பற்சக்கரம் மாட்டுபவர்கள், அடிப்பாகம் தடியாக உள்ளதை வாங்குங்கள். தகடாக வெட்டிய மெல்லிய பற்சக்கரம் அலுமினிய ஃப்ரீஹப்பின் வரிப்பள்ளங்களைக் கத்திபோல வெட்டிவிடும், பிறகு கழற்றச் சுத்தியல் தேவைப்படும். பூட்டு வளையத்தின் முறுக்கு 40 நியூட்டன் மீட்டர்.

பின்பக்கக் கோடு அளக்கும் முறை மேலே சொன்னதுதான்: பாதி அகலம் கழித்தல் முனையிலிருந்து பற்சக்கரத்தின் தூரம். 150 ஹப்பில் அதே 18 மி.மீ. என்றால் 75-இல் 18 போக 57, முன்பக்கத்தோடு அப்படியே பொருந்துகிறது பாருங்கள். முன்பக்கத்துக்கு, இருக்கைக் குழாயின் வெளிப்பக்கத்திலிருந்து பற்களின் நடுவுக்கு அளந்து, குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். குழாய் நடுக்கோட்டில் இல்லாத ஃப்ரேம்களும் உண்டு. அப்போது நீண்ட நேர்க்கோலைப் பற்சக்கரத்தோடு ஒட்டிவைத்துப் பின்னால் எங்கே விழுகிறது என்று பார்ப்பதே எளிது.

ஒரு மி.மீ. வித்தியாசம் தெரியாது. மூன்றைத் தாண்டினால் சத்தம் வரும். 142 ஹப்பை 148-இல் போட்டவர்கள் முன்பற்சக்கரத்தை உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கலாம்.

பல் எண்ணிக்கை உங்கள் இறக்கத்தைப் பொறுத்தது. முன்னால் 36, பின்னால் 18 என்று இரண்டுக்கு ஒன்றாக ஆரம்பித்துப் பாருங்கள்.

செயின் நீளம்

சாதாரண ஒற்றைக் கியர் சைக்கிளில் சக்கரத்தைப் பின்னால் இழுத்தாலே செயின் இறுகிவிடும். டவுன்ஹில்லில் அது நடக்காது. சஸ்பென்ஷன் அமுங்கும்போது பெரும்பாலான ஃப்ரேம்களில் கிராங்குக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் கூடுகிறது. நின்றநிலையில் இறுக்கமாக வெட்டிய செயின் முதல் பெரிய குதியில் சஸ்பென்ஷனைப் பாதியில் பிடித்து நிறுத்தும், இல்லை அறுந்துபோகும். சுழல் மையம் கிராங்கைச் சுற்றியே அமைந்த ஃப்ரேம்களுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

ஆகவே ஷாக்கின் சுருளைக் கழற்றுங்கள், காற்று ஷாக் என்றால் காற்றை இறக்குங்கள். ஒருவர் பின்சக்கரத்தை மெதுவாக மேலே தூக்கி முழு ஓட்டத்தையும் காட்டட்டும். தூரம் எங்கே மிக அதிகமோ அங்கே நிறுத்தி, செயினைச் சுற்றிப் போட்டு, இழுவானுக்கும் இடம் விட்டு நீளத்தை முடிவு செய்யுங்கள். சக்கரத்தைக் கீழே விட்டால் செயின் தொங்கும். அந்தத் தொய்வை வாங்கத்தான் இழுவான்.

இழுவானாகப் பழைய குட்டைக் கூண்டு கியர் மாற்றியே போதும், செயினைக் குலுங்காமல் அடக்கும் கிளட்ச் உள்ளதென்றால் இன்னும் நல்லது. கேபிள் இல்லாவிட்டால் அது தானாக வெளிப்பக்கக் கடைசிப் பற்சக்கரத்தின் கீழே போய் நிற்கும். எல்லைத் திருகை இறுக்கி உள்ளே கொண்டுவரப் பாருங்கள். அது எட்டாத தூரம் என்றால் ஒரு சாண் கேபிளை வெட்டி, அதன் தலையை, கேபிள் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகில் சிக்கவைத்து, மறுமுனையைக் கவ்வியில் இறுக்கிவிடுங்கள். திருகைத் திருப்பத் திருப்ப இழுவான் உள்ளே நகரும். பற்சக்கரத்துக்கு நேர் கீழே வந்ததும் விட்டுவிடலாம். முன்னால் தடித்தும் மெலிந்தும் மாறிமாறிப் பல் உள்ள பற்சக்கரமும் ஒரு செயின் காப்பும் இருக்கட்டும்.

ஷாக்கைத் திரும்ப மாட்டுவதற்கு முன் இன்னொரு முறை முழு ஓட்டத்தையும் காட்டி, கிராங்கைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். எந்த இடத்திலும் செயின் முறுக்கேறக் கூடாது.

முதல் ஓட்டம்

சின்ன இறக்கம், மெதுவான வேகம், நாலைந்து முறை கடுமையாகப் பிரேக் பிடியுங்கள். நிறுத்தி, ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டொக் என்று ஒரு சின்ன ஆட்டம் கையில் பட்டால் மூடியின் நீளம் போதவில்லை, அல்லது ஆக்சில் இறுகவில்லை. டிஸ்க் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் டிஸ்க்கின் மேல் போகும்படி மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு குனிந்து பார்த்தால் போதும்: எந்தக் கோடு நேராக இல்லையோ அந்தப் போல்ட் நகர்ந்திருக்கிறது, கழற்றிப் பசை போட்டுத் திரும்ப இறுக்குங்கள்.